பெல்சி எழுதிய மன்னிப்புக் கடிதம்

பிப்ரவரி 8, ஞாயிறு

இந்த நோட்டு என் அக்கா ஞானப்பூ வாங்கித் தந்தது. முட்டுவலியால் அவளால் விமானம் ஏற முடியாது. அதனால் அவள் மகள் பெல்சியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, தங்கச்சி அமலோற்பவமாகிய நான் மூன்று மாதத்துக்கு அயர்லாந்து வந்திருக்கிறேன். "ஒண்ணு விடாம எழுதிட்டு வா. வந்து எனக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். வந்து பத்து நாள் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். அக்கா, கோபப்படாதே.

பெல்சி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் மாப்பிள்ளை டைட்டஸ் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். பிள்ளை அஷ்னாவுக்கு ஏழு மாதம். உன்னைப் போலவே நெற்றி, உன்னைப் போலவே பிடிவாதம்.

இன்று பூசைக்குப் போனோம். முப்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாட்டு இல்லை, பிரசங்கம் ஐந்து நிமிடம். நம் ஊரில் அறிவிப்பு வாசிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். சாமியார் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுக்கிறார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 11, புதன்

லூர்து மாதா திருநாள். பாயசம் வைத்தேன். துணியை நான்கு தடவை வெளியே காயப் போட்டு நான்கு தடவை எடுத்தேன். இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பே கிடையாது. வெயில் அடித்துக்கொண்டே பெய்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பெல்சி சாயங்காலம் முகம் வீங்கி வந்தாள். அவள் பார்த்துக்கொள்ளும் மிஸ்டர் டூலன் என்ற பெரியவர், எண்பத்தெட்டு வயது, கட்டிலிலிருந்து தானாக இறங்கப் போய் விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மதியம் இரண்டு மாடிக்கும் சேர்த்து பெல்சி ஒருத்திதான் நர்ஸ். அவர் விழுந்தபோது மேல்மாடியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே கட்டில் ஓரமாகத் தரையில் ஒரு ரப்பர் பாய் விரித்திருப்பார்களாம். கால் பட்டால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும். அன்று அடிக்கவில்லை.

"அந்தப் பாய் ஒரு வாரமா சரியில்ல சித்தி. நான் ஃபியோனாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். ஃபியோனா என்பது அங்கே எல்லா நர்ஸ்களுக்கும் மேலே இருக்கும் அம்மா.

"எழுதிக் குடுத்தியா?"

"வாயாலதான் சொன்னேன். அவ சரி சரின்னா."

நடந்ததை எழுதிக்கொண்டு வரச்சொல்லி ஃபியோனா அனுப்பியிருக்கிறாள். டூலன் பெரியவருக்காக ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொன்னேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பெல்சி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி ஃபியோனாவிடம் கொடுத்தாள். பணிவான கடிதம். அவள் எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அக்கா, உனக்குத்தான் தெரியுமே, கன்னியர் ஆஸ்பத்திரி நர்சிங் ஹாஸ்டலில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் நான். பெல்சியும் அங்கேதான் படித்தாள். எத்தனை அப்பாலஜி லெட்டர் பார்த்திருக்கிறேன். தர்மாமீட்டர் உடைந்தால் ஒன்று, பிரார்த்தனைக்குப் பிந்தினால் ஒன்று. ரெஜினா சிஸ்டர் கண்ணாடி போட்டு வாசிப்பார், மேசைக்குள் வைப்பார், "போ பிள்ள, போய்ச் சாப்பிடு" என்பார். அத்தோடு சரி. பெரியவர்கள் மனது அப்படித்தான் இளகும்.

பிப்ரவரி 14, சனி

எல்லாம் அமைதி. அஷ்னா கவிழ்ந்து படுத்து முன்னால் நகரப் பார்க்கிறாள், பின்பக்கமாகத்தான் போகிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அந்தோனியார் கிழமை. தபால்காரர் ஒரு கவர் கொடுத்தார். வாசித்ததும் பெல்சி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாதாம். பெரிய குற்றம் என்று போட்டிருக்கிறார்களாம்: கவனக்குறைவால் நோயாளிக்குக் காயம். அதற்குச் சாட்சி என்னவென்றால் பெல்சியே எழுதிக் கொடுத்த கடிதம். அதன் நகலையும் வைத்து, 'என் தவறுக்கு மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது' என்ற வரிக்கு மஞ்சள் மையால் கோடு இழுத்திருக்கிறார்கள்.

டைட்டஸ் வாசித்துவிட்டு, "நீ எதுக்கு இப்பிடி எழுதின?" என்று கேட்டான்.

"பதட்டத்துல எழுதிட்டேன்" என்றாள் பெல்சி. என்னைப் பார்க்கவில்லை.

நான் அஷ்னாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கஞ்சியை ஆற வைப்பது முக்கியம்.

பிப்ரவரி 18, புதன்

விபூதி புதன். இங்கேயும் நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள். கடையில் பில் போடும் பெண் நெற்றியிலும் இருந்தது, பஸ் ஓட்டுகிறவர் நெற்றியிலும் இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. தபசு காலத்துக்கு மீன், இறைச்சி விட்டுவிட்டேன். டைட்டஸ் விடவில்லை.

பிப்ரவரி 21, சனி

பெல்சியோடு வேலை பார்க்கும் பின்சி வந்தாள். கோட்டயத்துக்காரி. அவள் பேசும் தமிழில் பாதி மலையாளம், நான் பேசும் தமிழிலும் கொஞ்சம் மலையாளம் உண்டு, ஆகவே நாங்கள் இருவரும் நன்றாகப் பொருந்திப்போனோம்.

விஷயம் இதுதான். பெல்சியின் வேலை பெர்மிட் அந்த இல்லத்தின் பேரில் இருக்கிறது. பெரிய குற்றம் என்று முடிவானால் வேலை போகும். நர்ஸ்களைப் பதிவு செய்யும் வாரியத்துக்கும் எழுதுவார்கள். அப்படி எழுதிவிட்டால் வேறு எந்த இல்லமும் எடுக்காது. டைட்டஸ் இங்கே இருப்பதும் அவள் பெர்மிட்டை வைத்துத்தான். மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பின்சி குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர அஷ்னாதான் இருந்தாள். "போன அக்டோபர்ல கேத்தி டியூட்டியில இதே மாதிரி ஒரு அம்மச்சி விழுந்தா. கேத்தி இந்த ஊருக்காரி. ஃபியோனா அவளக் கூப்பிட்டு சாய கொடுத்து பேசி அனுப்பிச்சு. விசாரணையுமில்ல, ஒண்ணுமில்ல."

"அப்ப நமக்கு மட்டும் ஏன்?"

"நம்ம திருப்பிப் பேச மாட்டோம்னு தெரியும் ஆன்ட்டி."

நர்ஸ்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம். பெல்சி சேர்ந்திருக்கிறாள், ஆனால் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பின்சி அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, சங்கத்து எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சங்கத்திலிருந்து டெக்லன் என்பவர் வந்தார். ஆறடி உயரம், சிவந்த முகம், ஈரமான கோட்டு. உளுந்து வடை வைத்தேன். இரண்டு என்று சொல்லி ஏழு சாப்பிட்டார். அவர் பேசும் இங்கிலீஷ் ரெஜினா சிஸ்டர் பேசிய இங்கிலீஷ் மாதிரி இல்லை, வாய்க்குள்ளேயே உருள்கிறது. பெல்சி இடையிடையே எனக்குச் சொன்னாள்.

எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இந்த நாட்டுச் சட்டப்படி ஒருத்தி மேல் குற்றம் சொன்னால், என்ன குற்றம் என்று முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் யோசிக்க நேரம் தர வேண்டும். விசாரணைக்குச் சங்கத்து ஆளையோ கூட வேலை செய்கிறவரையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். தீர்ப்புச் சொல்கிறவர் ஒரு பக்கம் சாயக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்பதால் இதில் ஒரு இம்மியும் குறையாது. கேத்திக்கு எந்தச் சட்டமோ அதுவேதான் பெல்சிக்கும். இல்லத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் அதற்கு மேலே அரசாங்கத்தில் முறையிட இடம் இருக்கிறது.

"ஆனா அந்த லெட்டர்தான் இடிக்குதாம் சித்தி" என்றாள் பெல்சி. "அது மட்டும் இல்லைன்னா அவங்க கையில ஒண்ணும் கிடையாதாம்."

டெக்லன் பேனாவைத் திறந்தார். யாராவது எழுதச் சொன்னார்களா, யாராவது கூட இருந்தார்களா என்று கேட்டார்.

"இல்லை. நானேதான்" என்றாள் பெல்சி.

நான் போய் இன்னும் நான்கு வடை போட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

தலைவலி. குளிரினால் இருக்கும்.

மார்ச் 1, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்கவில்லை. வரிசையில் நிற்கும்போது அஷ்னா அழுதாள், வெளியே கொண்டு போனேன். அவள் அழாவிட்டாலும் கொண்டு போயிருப்பேன் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அக்கா, இன்று நீ போன் பண்ணினாய். "என்ன மக்கா, பகல்ல வீட்ல இருக்க?" என்று கேட்டாய். பெல்சி, "லீவு போட்டிருக்கேம்மா, அஷ்னாவுக்குப் பல்லு வருது" என்றாள். நீ நம்பினாய். போனை வைத்ததும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். பாத்திரம் ஒன்றும் கழுவக் கிடையாது. எல்லாம் நான் கழுவி வைத்திருந்தேன்.

இந்தப் பக்கத்தை உனக்கு வாசிக்கும்போது தாண்டிவிட வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். சாமியாருக்குத் தமிழ் தெரியாது. அதுவும் வசதிதான் என்று நினைத்து, முழங்காலிட்டு எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். பீன்ஸ் நறுக்கியதிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையசைத்துக்கொண்டே கேட்டு, முடிவில் ஆசீர்வதித்தார். மூன்று அருள் நிறைந்த மரியே என்று விரலைக் காட்டினார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மனது இளகியிருக்க வேண்டும். ஒரு மண்ணும் இளகவில்லை. புரியாத ஆளிடம் சொல்லிவிட்டு வருவது சுவரிடம் சொல்வது மாதிரிதான். சுவர் மூன்று ஜெபம் கொடுத்திருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

மார்ச் 7, சனி

இன்று நீளமாக எழுத வேண்டும்.

டெக்லன் மறுபடி வந்தார். விசாரணையில் என்னென்ன கேட்பார்கள் என்று பெல்சிக்குப் பழக்குவதற்கு. பின்சியும் வந்திருந்தாள். டைட்டஸ் வேலையில் இருந்தான். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தேன்.

டெக்லன் கேட்டார்: தவறு செய்யவில்லை என்றால் 'என் தவறு' என்று ஏன் எழுதினாய்?

பெல்சி, "பதட்டத்தில்" என்றாள்.

சரி, 'இனி நடக்காது' என்று ஏன் எழுதினாய்? எது இனி நடக்காது?

அவர் மறுபடி கேட்டார். கடுமையாக இல்லை, ஆனால் விடவுமில்லை. விசாரணையில் இதையே பத்து விதமாகக் கேட்பார்களாம். மூன்றாவது தடவை பெல்சி, "என் தப்புன்னே வச்சுக்கோங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"பின்சி, நீ இவருட்ட சொல்லு. அந்த லெட்டர் நான் சொல்லச் சொல்ல இவ எழுதினதாக்கும்."

"சித்தி, நீங்க சும்மா இரிங்க" என்றாள் பெல்சி.

"இருந்தாச்சு மக்கா. மூணு வாரமா சும்மாதான் இருக்கேன்."

பின்சி சொன்னாள். டெக்லன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பெல்சி என்ன தவறு செய்ததாக நீங்கள் நினைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு தப்பும் நினைக்கல. தப்பு செஞ்சாத்தான் எழுதணும்னா எங்க ஹாஸ்டல்ல பாதி லெட்டர் இருக்காது" என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. கரண்டு போய் ஸ்டெரிலைசர் நின்றதற்கு எழுதிய பிள்ளை, காக்கா சோப்பைத் தூக்கிக்கொண்டு போனதற்கு எழுதிய பிள்ளை, தனக்கு அம்மை போட்டதற்கு எழுதிய பிள்ளை, எல்லாரையும் சொன்னேன். எழுதினால் சிஸ்டருக்கு மரியாதை. எழுதாவிட்டால் திமிர் பிடித்தவள். அது ஒரு வணக்கம் மாதிரி. குற்றத்தை ஒத்துக்கொள்வது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பின்சி மொழிபெயர்த்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "சத்தியம் ஆன்ட்டி. நானும் எழுதியிருக்கு. இங்கதான். லிஃப்ட் கேடாகி மேல போக லேட்டாச்சு. அதுக்கு."

டெக்லன் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தார். யாருக்கு எழுதினாய் என்று கேட்டார்.

"ஃபியோனாவுக்கு."

வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?

பின்சி விரல்விட்டு எண்ணினாள். பிலிப்பைன்ஸ்காரி ஜோவெல்லின், ரெண்டு கோட்டயம் பிள்ளைகள், பத்தனம்திட்டாக்காரி ஒருத்தி. எல்லாரும் கொடுப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். இந்த ஊர் நர்ஸ் ஒருத்தியும் எழுதியதில்லை. அவர்களிடம் யாரும் எதிர்பார்த்ததுமில்லை.

அந்தக் கடிதங்களுக்கு ஃபியோனா என்ன நடவடிக்கை எடுத்தாள் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. மேசைக்குள்ள வச்சு, தேங்க் யூ சொல்லும்."

டெக்லன் அந்தப் படங்கள் வேண்டும் என்றார். பின்சியின் சிரிப்பு அங்கேயே நின்றது.

மார்ச் 10, செவ்வாய்

பின்சி தரமாட்டேன் என்கிறாள். அவள் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் காகிதத்தில் அடுத்த மாதம் ஃபியோனா கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி சொன்னவளைப் பழிவாங்கக்கூடாது என்று சட்டம் இருப்பதாக டெக்லன் சொல்லியிருக்கிறார்.

"சட்டம் பேப்பர்ல இருக்கு ஆன்ட்டி. டியூட்டி லிஸ்ட் ஃபியோனா கையில இருக்கு" என்றாள் போனில்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான், எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன்.

டைட்டஸ் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. பெல்சி அவனிடம் சொல்லியிருக்கிறாள். இன்று சாப்பிடும்போது, "சின்னம்மா, ரசம் நல்லாருக்கு" என்றான். அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஜோவெல்லின்தான் முதலில் அனுப்பினாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் அனுப்பியதைக் கேள்விப்பட்டு மற்ற பிள்ளைகள் அனுப்பினார்கள். சாயங்காலம் பின்சி நேரிலேயே வந்து மூன்று கடிதத்தின் படத்தைக் காட்டினாள். "ஒண்ணு லிஃப்ட், ஒண்ணு யூனிஃபார்ம் பட்டன், ஒண்ணு எதுக்குன்னு எனக்கே ஓர்மயில்ல" என்றாள். அத்தோடு நிற்கவில்லை. பாய் சரியில்லை என்று பெல்சி ஃபியோனாவிடம் சொன்னபோது தானும் பக்கத்தில் நின்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மொத்தம் பதினொரு கடிதம். பனி பெய்ததற்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்டிருக்கிறது. 'இனி இப்படி நடக்காது' என்று அதிலும் எழுதியிருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

இந்த ஊர் பாதுகாவலர் பேட்ரிக் திருநாள். எல்லாரும் பச்சை. நாய்க்கும் பச்சை. ஊர்வலம் என்றார்களே, புனிதரின் சுரூபம் வரும் என்று கைகூப்பி நின்றேன். டிராக்டர் வந்தது. அதன் பிறகு இன்னொரு டிராக்டர் வந்தது. பதினாறு டிராக்டர் எண்ணினேன், புனிதரைக் காணவில்லை. அஷ்னா கைதட்டினாள்.

பெல்சி கொஞ்சம் சிரித்தாள். நாளை மறுநாள் விசாரணை.

மார்ச் 19, வியாழன்

சூசையப்பர் திருநாள். உழைக்கிறவர்களுக்குப் பாதுகாவலர் அவர்தான், ஆகவே தேதி நல்ல தேதி என்று கிளம்பும்போதே பெல்சியிடம் சொன்னேன். "அவரு தச்சுவேல சித்தி" என்றாள். பதட்டத்திலும் வாய் குறையவில்லை.

இல்லத்திலேயே ஒரு அறையில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல மிஸஸ் ஹானன் என்ற அம்மா தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி. உள்ளே பெல்சி, டெக்லன், ஃபியோனா. நான் வெளியே நடையில் அஷ்னாவை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். கையில் கட்டுப்போட்ட ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அஷ்னாவைப் பார்த்துக் கையசைத்தார். அவர்தான் டூலன் என்று பின்னால் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைப் பின்சி வாங்கிக்கொண்டாள்.

மேசை நடுவில் ஒரு போன் இருந்தது. மொழிபெயர்க்க டப்ளினிலிருந்து ஒருவர் பேசுவாராம், எங்களுக்கு வேண்டியவர் யாரும் மொழிபெயர்க்கக்கூடாதாம்.

"வணக்கம் அம்மா. நான் குகநேசன். நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ, நான் அப்படியே சொல்லுறன்" என்றது போன். யாழ்ப்பாணத் தமிழ். காதுக்கு வெல்லம் மாதிரி இருந்தது.

"தம்பி, நீங்க கோயிலுக்குப் போறதுண்டா?" என்று கேட்டேன்.

"அம்மா, நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் மொழிபெயர்க்கோணும்."

மொழிபெயர்த்தார். மிஸஸ் ஹானன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேள்வி கேட்பது தன் வேலை என்று சொன்னார். ஆனால் வாயோரம் சிரிப்பு இருந்தது.

கடிதத்தைக் காட்டி, இதன் வார்த்தைகள் யாருடையவை என்று கேட்டார்.

"என்னுடையது. இங்கிலீஷ் மட்டும் அவளுது."

பெல்சி உங்களிடம் தவறு செய்ததாகச் சொன்னாளா?

"இல்ல. 'என்ன தப்புன்னு எழுதணும் சித்தி'ன்னு என்னைய கேட்டா. 'பொதுவா எழுது'ன்னு சொன்னேன். அப்ப அவ மேல என்ன குத்தம்னு யாரும் சொல்லவே இல்ல. அந்தக் கடுதாசி நாலு நாள் கழிச்சுத்தான் வந்துது."

அப்போது ஃபியோனா பேசினாள். நன்றாக உடுத்தியிருந்தாள், குரலும் மெதுவாகத்தான் இருந்தது. பெல்சி படித்த நர்ஸ். சொந்த புத்தி உள்ளவள். ஒரு உறவினர் சொன்னார் என்பதற்காக உண்மை இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போடுவாளா?

குகநேசன் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பெல்சி குனிந்தே இருந்தாள்.

"படிச்சவதான்" என்றேன். "ஆனா நான் அவளுக்குச் சித்தியாக்கும். ஒரு தடவ வேண்டாம்னு சொன்னா. நான் விடல. ரெண்டாந் தடவ அழுதா. நான் விடல. மூணாந் தடவ எழுதிட்டா. நான் பக்கத்துல இருந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு, பணிவு போதாதுன்னு சொல்லி அந்தக் கடைசி வரியச் சேக்கச் சொன்னேன். நீங்க மஞ்ச அடிச்ச வரி அது."

பிறகு குகநேசன் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். பீன்ஸையும் விடவில்லை.

அதன் பிறகு டெக்லன் பதினொரு காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். மிஸஸ் ஹானன் எல்லாவற்றையும் வாசித்தார். பனிக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

இவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தீர்களா என்று ஃபியோனாவைக் கேட்டார். இல்லை. அக்டோபரில் விழுந்த அம்மா விஷயத்தில் விசாரணை நடந்ததா? இல்லை. அப்படியானால் இந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்தது ஏன்? காயம் பெரிது என்று ஃபியோனா சொன்னாள். அந்தப் பாய் வேலை செய்ததா என்று யாராவது சோதித்தார்களா?

"மறுநாளே புதுப் பாய் மாற்றிவிட்டோம்" என்றாள் ஃபியோனா.

"பழையது?"

"குப்பையில் போட்டுவிட்டோம்."

"எதற்காக மாற்றினீர்கள்?"

அதை மொழிபெயர்த்துவிட்டுக் குகநேசனும் பதிலுக்காகக் காத்திருந்தார். ஃபியோனா காகிதங்களைப் புரட்டினாள்.

என்னை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து அஷ்னாவை வாங்கிக்கொண்டேன். பின்சி தண்ணீர் கொடுத்தாள். முடிவை எழுத்தில் அனுப்புவார்களாம்.

மார்ச் 20, வெள்ளி

வரவில்லை. துணி காய்ந்தது.

மார்ச் 23, திங்கள்

வரவில்லை. தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 25, புதன்

மங்கள வார்த்தை திருநாள். கவர் வந்தது. டைட்டஸ் மதிய வேலைக்குப் போக சட்டை போட்டுக்கொண்டிருந்தான், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றே வாசித்தான். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பெல்சி திங்கள் முதல் வேலைக்குப் போகலாம். அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். குற்றம் என்னவென்று சொல்வதற்கு முன்னால் எழுதி வாங்கிய எதையும் இனி ஒத்துக்கொண்டதாக எடுக்கக்கூடாது, யாராக இருந்தாலும் ஒரே நடைமுறைதான் என்று இல்லத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஃபியோனாவைப் பற்றி ஒன்றும் இல்லை. அவள் அங்கேயேதான் இருப்பாள். பின்சியின் பெர்மிட் காகிதம் ஃபியோனாவிடம் போகாமல் நேராகத் தலைமை அலுவலகத்துக்கே போகும்படி டெக்லன் ஏற்பாடு செய்கிறாராம்.

பின்சி போனில் அழுதாள், சிரித்தாள், மலையாளத்தில் என்னவோ பாடினாள். டெக்லன் போனில் வடையைப் பற்றிக் கேட்டார்.

பெல்சி அஷ்னாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், மழைத் தூறலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகு உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள், அக்கா. என்னைப் பற்றிய பகுதியையும் சொன்னாள். நீ போனைத் தங்கச்சியிடம் கொடு என்று சொன்னாய். நான் குளியலறையில் இருந்தேன். நிஜமாகவே இருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. இங்கே ஓலை கிடையாது, ஏதோ ஒரு பச்சைக் கிளை தருகிறார்கள். வீட்டுக்கு வந்து சிலுவைக்கு மேலே செருகி வைத்தேன்.

மத்தியானம் பெல்சி நாளைக்குப் போடும் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாக அலமாரியில் கிடந்து மடிப்பு விழுந்திருந்தது. டைட்டஸும் அஷ்னாவும் தூங்கினார்கள். நான் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பூசையைப் பற்றிப் பேசினேன், கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். அவளும் ம் ம் என்றாள்.

"மக்கா, அந்த லெட்டரு" என்று ஆரம்பித்தேன்.

"முடிஞ்சு போச்சுல்ல. விடுங்க சித்தி."

"விட மாட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன், உன்ட்ட சொல்லல. நீ வேண்டாம்னு சொன்ன. நீ படிச்ச பிள்ள, உனக்குத் தெரியும். நான் உன் பேச்சக் கேக்கல. நீ அழுதும் கேக்கல. பெறவு நீ எனக்காகப் பொய் சொன்ன, அதையும் பாத்துக்கிட்டு இருந்தேன். இது நான் செஞ்ச தப்பு மக்கா."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் ஒரு கையை முடித்து மறு கைக்கு வந்தது. பரவாயில்லை சித்தி என்பாள் என்று நினைத்தேன். இவ்வளவு வயதில் நான் யாரிடம் சொன்னாலும் அந்தப் பதில்தான் வந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எழுந்து காப்பி போடலாம் என்று நினைத்திருந்தேன்.

"ஆமா சித்தி. நீங்க செஞ்சதுதான்" என்றாள். "ரெண்டு வாரம் உங்கள பாக்கவே பிடிக்கல எனக்கு."

எனக்கு இது தெரியவே தெரியாது. அவள் மூன்று வேளையும் என் கையால்தான் சாப்பிட்டாள்.

"சொல்லியிருக்கலாம்ல."

"எப்பிடிச் சொல்லுவேன்? நீங்க எனக்குச் சித்தியாச்சே."

எழுந்து போகத் தோன்றவில்லை. அவள் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்தாளா, நெற்றியைத் துடைத்தாளா, தெரியவில்லை.

கடைசியில் சட்டையைத் திருப்பிப் போட்டு, "இந்தக் காலர் நழுவுது, கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் விரல் சுடாமல் ஒதுக்கி ஒதுக்கி அவள் தேய்த்தாள்.